அழுத்தி எடு, இழுக்காத

இழுக்காத, இழுக்காத. அது சட்டை இல்லடி, துண்டுத்துணி சேத்துத் தைக்கிற போர்வைக்கு வச்ச கட்டம். இஸ்திரிப் பெட்டியை மேல வச்சு அழுத்து, தூக்கு, பக்கத்துல வை. அவ்வளவுதான். நீ என்னமோ ரோடு போடற மாதிரி ஓட்டற.

இந்தா, இதை அளந்து பாரு. தைக்கும்போது ஆறு அங்குலம். உன் கைக்குப் போய்ட்டு வந்ததும் ஆறரை. நல்ல வளர்ச்சி. உன் புள்ளைகூட இத்தனை வேகமா வளரல.

எனக்கென்ன, நானே தேச்சிருப்பேன். கையில இந்தக் கட்டு இருக்கே. வெந்நீர் கொட்டிடுச்சுன்னு போன்லயே சொன்னேன்ல. வலியா? கடவுள் புண்ணியத்துல தாங்கிக்கறேன். பிரிச்சுப் பாக்கணுமா? நீ என்ன டாக்டரா? தேய்.

தையலை ரெண்டு பக்கமும் விரிக்காத, ஒரே பக்கமா சாய். உன் வரிசை எல்லாம் வலப்பக்கம். அடுத்த வரிசை இடப்பக்கம் சாஞ்சிருக்கும். சேத்து வச்சா மடிப்பும் மடிப்பும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும், முனை விலகாது. ரெண்டும் ஒரே பக்கம் சாஞ்சாத்தான் மேடு தட்டி ஊசி உடையும். எதிரும் புதிருமா இருந்தா சேராதா? யாரு சொன்னா? ஓ, உன் அனுபவமா. சரி.

பெட்டி நல்லா இருக்கா? புதுசுதான். ரெண்டு வருஷமா என் கட்டிலுக்கடியில கெடந்துச்சு. தெரியாத மாதிரி பாக்காத, நீ வாங்கினதுதானே, தங்கச்சி கல்யாணத்துக்கு. ஆளு வரல, பெட்டி வந்துச்சு. அன்னைக்கு உன் புள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ் பரீட்சை. அம்மா வெளியூர் போனா அவனுக்கு அ, ஆ மறந்துடும் பாவம். அவ மட்டும் லேசுப்பட்டவளா? அட்டையைக்கூடக் கிழிக்காம இங்க கொண்டாந்து போட்டுட்டுப் போனா. அதோட அக்கா தங்கச்சி பேச்சு முடிஞ்சுது. பெத்தது ரெண்டு, ரெண்டும் ரத்தினம். சாமி கும்பிடறப்ப உங்க ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல சொல்றேன். தெரிஞ்சா, யாரை முதல்ல சொன்னேன்னு அதுக்கும் சண்டைக்கு வருவீங்க.

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத, பெட்டியைத் தூக்கு. கருகுது பாரு.

யாருக்குப் போர்வையா? பச்சக் குழந்தைக்கு. அடுத்த மாசம் பொறக்கப்போவுது. யாரு வீட்லயா? ஏன், உன் வீட்டுக்காரர் சொல்லலயா? அவருக்கு எப்பவோ தெரியுமே. உனக்கு மட்டும்தான் தெரியாது. தங்கச்சி பேரை எடுத்தாலே போனை வச்சுடறவகிட்ட நான் எங்கேர்ந்து சொல்றது?

அழறதுன்னா தள்ளி நின்னு அழு. ஈரம் பட்டா கட்டம் கோணிக்கும்.

என்ன எண்ணற? ஆமா, ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு. நாலு வரிசைதான் இங்க. மீதி நாலும் அவகிட்ட. இடப்பக்கம் சாய்ச்சுத் தேச்சு இன்னைக்கு எடுத்துட்டு வரேன்னிருக்கா. அளவு சேருமான்னு கவலைப்படாத. அவளும் உன்ன மாதிரி இழுத்துதான் தேய்ப்பா, அதுவும் ஆறரையாத்தான் வரும்.

மணி அடிக்குது. இரு, நானே தெறக்கறேன். இந்தக் கைக்கட்டு முடிச்சை மட்டும் கொஞ்சம் அவுத்து விடு. ஏன் அப்படிப் பாக்கற? கைக்கு ஒண்ணும் இல்ல. காலைலயே கடவுள்கிட்ட சொல்லிட்டேன், ரெண்டு பேருக்கும் ஒரே பொய்தான் சொல்லியிருக்கேன், பெரியவ சின்னவன்னு பாரபட்சம் பாக்கலன்னு.