கோட்டை டீச்சர் தனியாப் போறாங்க

...இல்லீங்க, நீங்களே சொல்லுங்க, இவ்வளவு பெரிய பெட்டி நான் கேட்டேனா? தோள்ல மாட்டற ஒரு பை, ரெண்டு செட் துணி, தண்ணி பாட்டில். அவ்வளவுதாங்க என் திட்டம். இப்போ பாருங்க, பெட்டிக்குச் சக்கரம் மாட்ட வந்து உக்காந்திருக்கேன். அண்ணே, அந்தச் சக்கரம் ஆடுதுண்ணே, நல்லா இறுக்குங்க! எம்மேல கோபமிருந்தா எங்கிட்ட காட்டுங்க, சக்கரத்துகிட்ட காட்டாதீங்க.

உங்க பைக்கு வாரு மட்டுந்தான் தைக்கணுமா? குடுத்து வெச்சவங்க.

நான் ஸ்கூல்ல வரலாறு எடுக்கறேங்க. எங்க பசங்க என்னைக் 'கோட்டை டீச்சர்'னுதான் சொல்லும். முதுகுக்குப் பின்னாடிதான், இருந்தாலும் காதுல விழும்ல? அந்தப் பழைய தலைநகரம், கோட்டையோட இருக்கு பாருங்க, அதை நான் போர்டுல வரைய ஆரம்பிச்சா சாக்பீஸ் தீர்ற வரைக்கும் வரைவேன். இங்க ஆத்தங்கரை, இங்க யானை வர்ற வாசல், இங்க ராணி தப்பிச்சுப் போன சுரங்கம்... கண்ணை மூடிக்கிட்டு வரைவேங்க. போன வருஷம் ஒரு பொண்ணு எந்திரிச்சு, "டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?"ன்னா. இல்லம்மான்னேன். "பார்க்காமலேயா இவ்வளவு சொல்றீங்க!"ன்னா பாருங்க... கிளாஸே சிரிக்குது. நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது? ஆனா வீட்டுக்கு வந்து சோறு இறங்கலீங்க.

அப்பவே முடிவு பண்ணிட்டேன். போறோம். அதுவும் தனியா.

ஏன் தனியாவா? எங்க வீட்டுக்காரரை நீங்க பார்த்ததில்லையே, அதான் கேக்கறீங்க. தங்கமான மனுஷன். மருந்துக் கடை வெச்சிருக்காரு. குடி கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். எங்க கூட்டிட்டுப் போனாலும், போய் நின்ன உடனே, "போலாமா?" அவ்வளவுதான். கடல் பார்க்கப் போனோம். கடலுங்க அது! இன்னும் செருப்பைக் கூடக் கழட்டல, "ம், பார்த்தாச்சுல்ல, போலாமா?"ங்கறாரு. அருவிக்குப் போனோம், தலை நனையல, "போலாமா?" அவரு சொந்தத் தங்கச்சி கல்யாணத்துலயே மேடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எங்கிட்ட கேட்டாருங்க. பொண்ணோட அண்ணன்! எங்கங்க போறது?

எனக்கு அந்த யானை வாசல்ல நிக்கணும். சும்மா நிக்கணும். கல்லைத் தொட்டுப் பார்க்கணும், கால் வலிக்கற வரைக்கும் நிக்கணும். யாரும் பக்கத்துல நின்னு சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. இது பெரிய ஆசையாங்க? ஏங்க, இது பெரிய ஆசையா?

சரி, விஷயத்துக்கு வரேன். நாத்தனார் போன் பண்ணினா. நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு நிக்கறேன். "என்ன அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு"ன்னா. கழுத்து கோணியிருந்தா குரல் வேற எப்படி இருக்கும்? நான் சந்தோஷமாத்தாங்க சொன்னேன்... "நான் தனியாப் போறேம்மா. முடிவு பண்ணிட்டேன். இத்தனை வருஷம் பொறுத்தாச்சு, இனிமே முடியாது." அப்போ பார்த்துக் கையிலிருந்த குக்கர் நழுவி டமார்னு விழுந்துச்சு. "அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டேன்.

சிரிக்காதீங்க! எனக்கு என்னங்க தெரியும்? நான் ஊரைச் சொல்றேன், அவ குடும்பத்தை நினைச்சுக்கிட்டா.

சாயங்காலம் ஸ்கூல்லேருந்து வரேன், வாசல் பூராச் செருப்பு. யாருக்கு என்ன ஆச்சோன்னு ஓடறேன். உள்ள பார்த்தா நாத்தனாரு, அவ புருஷன், எங்க அம்மாவோட அண்ணன், அதான் எங்க பெரிய மாமா... எல்லாரும் இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்காங்க. எங்க வீட்டுக்காரரு கடையைச் சாத்திட்டு வந்து மூலையில நிக்கறாரு. காய்ச்சல்னாக் கூடக் கடை சாத்தாத மனுஷனாச்சே! எம் பையன் போன்ல. வேலைக்குப் போற தடியன், "அம்மா, இனிமே நான் யாருகிட்டம்மா இருக்கணும்?"ங்கறான். மாசத்துக்கு ஒரு போன் பண்ண மாட்டான் அவன்!

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னுதானே பார்க்கறீங்க? சொல்ல விட்டாத்தானே! நான் வாயைத் திறந்தா, "நீ பேசாதம்மா, மனசு புண்பட்டிருக்கு"ன்னு மாமா கையைக் காட்டறாரு. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு உள்ள போய் காபி போட்டு எடுத்துட்டு வந்து என் கையில குடுக்கறாரு. கல்யாணமான நாளா எனக்குத் தெரியாதுங்க, அவருக்குக் காபி போடத் தெரியும்னு! அதுவும் நல்லா இருந்துச்சு. அதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சரி, பொய் சொல்ல மாட்டேன். அப்போ சொல்லியிருக்கலாம். காபியைக் குடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன். எல்லாரும் என் முகத்தையே பார்க்கறாங்க... ஒரு மாதிரி நல்லாத்தாங்க இருந்துச்சு.

அதுக்குள்ள மாமா கேட்டுட்டாரு. "வெளிப்படையாச் சொல்லும்மா, மாப்பிள்ளைகிட்ட உனக்கு என்ன குறை?"

என்னன்னு சொல்லுவேன்? "போலாமா போலாமாங்கறாரு மாமா"ன்னா? வேலை வெட்டியை விட்டுட்டு வந்திருக்காங்க எல்லாரும். இதுக்கா ஓடி வந்தோம்னு காறித் துப்ப மாட்டாங்க? ஏதோ கொஞ்சம் கௌரவமாச் சொல்லணுமேன்னு... வாயில வந்ததைச் சொல்லிட்டேங்க.

"இவரு என்னை ஒரு ஊருக்கும் ஆசையாக் கூட்டிட்டுப் போனதே இல்ல மாமா."

நானேதாங்க! இந்த வாயாலதான்! யாரும் சொல்லிக் குடுக்கல. சொன்னதும் எனக்கே அழுகை வந்துடுச்சு. அது பொய் அழுகை இல்லீங்க. எங்கேருந்து வந்துச்சுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அவ்வளவுதான், தீர்ப்பு ஆயிடுச்சு. "மாப்பிள்ளை, அவ எந்த ஊரு கேக்கறாளோ அந்த ஊருக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க." துணைக்கு நாத்தனாரு, நாத்தனாருக்குத் துணைக்கு அவ புருஷன். இந்தப் பெட்டியில முக்கால்வாசி அவ துணிதான்.

அதோட விட்டாரா எங்க வீட்டுக்காரரு? அந்த ஊரைப் பத்திப் புஸ்தகம் வாங்கிக் கடையில வெச்சுப் படிக்கறாருங்க! இருமல் மருந்து கேட்டு வர்றவங்ககிட்ட ராணி தப்பிச்ச கதையைச் சொல்றாராம். நேத்து எங்கிட்டயே வந்து, "யானை வாசல் கிழக்கால இல்லம்மா, தெக்கால"ங்கறாரு. எனக்கு! "அங்க எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாம், நான் உனக்கு ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்றேன்"ங்கறாரு. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். இவரைத் திட்டுவேனா, என்னைத் திட்டிக்குவேனா? அந்த வாசல்ல வாயை மூடிக்கிட்டு நிக்கத்தாங்க நான் ஆசைப்பட்டேன்.

ஆமா, நீங்க எந்த ஊருக்கு? ...அட, தூரமாச்சே! யாரோட? ...தனியாவா? நிஜமாவா? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா? அதெப்படிங்க, என்னதான் சொல்லிட்டுக் கிளம்பினீங்க?

இருங்க, எந்திரிக்கறீங்களே... வாரு தைச்சாச்சா? அதுக்குள்ளயா? பஸ்ஸுக்கு நேரமாச்சா... பரவாயில்ல, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. என்ன சொல்லிட்டு வந்தீங்க?

என்னது?

"போயிட்டு வரேன்"னா?

ஐயோ... அதுல 'வரேன்'னு ஒண்ணு இருக்கேங்க! அதை மட்டும் நான் சேர்த்துச் சொல்லியிருந்தா எங்க வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வந்திருக்காதே!