பன்னிரண்டு போர்வை, ஒரு நாய்

ஒரு அறைக்குள் வெளியே இருந்து சத்தம் புகாமல் இருக்கப் பழைய போர்வை பன்னிரண்டு இருந்தால் போதும். அதற்கென்று கடையில் விற்கிற பஞ்சுப் பலகையெல்லாம் வீண் செலவு. இங்கே தொங்குவதில் ஏழு நம் வீட்டுப் போர்வைதான். அந்தப் பச்சைக் கட்டம் போட்டது, சின்ன வயதில் நீ உன் பக்கம் சுருட்டிக்கொண்டு என்னைக் குளிரில் விட்டது. உட்கார். அது மாப்பிள்ளையின் நாற்காலிதான், பரவாயில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொள், நான் படித்துவிட்டேன்.

நீ வாசலிலேயே கேட்டுவிட்டாய். "அவர் கையில ஒரு கோளாறும் இல்லைன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. அப்புறம் உன் ரூமுக்கு வந்தா மட்டும் ஏண்ணா அவருக்குத் தாளம் தப்புது?" நியாயமான கேள்வி. நம் வீட்டு மூளை முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டாய் என்று நான் சொல்வது சும்மா இல்லை. ஆனால் முதலிலிருந்து கேட்டால்தான் என் பக்கத்து நியாயமும் உனக்குப் புரியும்.

டிரம்ஸ் வாசிக்கிற உன் கணவரும், கிடார் வாசிக்கிற பஸ் டிரைவரும், பாடுகிற கணக்கு டீச்சரும் பாட்டுப் பதிவு செய்ய இடம் தேடி அலைந்தபோது, என் பின்னறையைத் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். ரேடியோ ரிப்பேரில் கை பழகியவன், இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? மைக்கைத் துடைப்பக் கட்டையில் கட்டினேன். டீச்சர் நின்று பாட என் துணி அலமாரியைக் காலி செய்து கொடுத்தேன். உள்ளே பாடினால் குரல் அத்தனை சுத்தமாக விழும். வெளியே வரும்போது அவர் மேல் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும், அவ்வளவுதான் குறை. கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன். அது எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம், ஒருவரும் தும்மக்கூடாது.

மொத்தம் ஆறு பாட்டு. பதிவைக் கேட்டுவிட்டுத் தன் அரங்கில் மேடை ஏற்றுவதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே ஆறும் முடிந்துவிட்டன. பிரமாதமாக வந்திருந்தன, பொய் சொல்ல மாட்டேன். நான்கு பேரும் கைதட்டினோம். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பாடா, இனிமே ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கலாம்" என்றார்.

அவர்கள் போனதும் நான்கு டம்ளர் கழுவினேன். அதற்கு முன் பல வருடங்களாக இந்த வீட்டில் ஒரே டம்ளர்தான் கழுவிக்கொண்டிருந்தேன். நீ வருடத்துக்கு இரண்டு தரம் வருவாய், அதுவும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில். குறையாகச் சொல்லவில்லை.

அதனால்தான் நாய் குரைத்தது. பக்கத்து வீட்டு நாய் பதிவில் விழுந்துவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும் என்று மூவருக்கும் போன் செய்தேன். போட்டும் காட்டினேன். நன்றாகவே குரைத்திருந்தேன் என்று நினைக்கிறேன், "இந்த நாயை நான் பாத்திருக்கேன், ஒரு காது மடிஞ்சிருக்கும்" என்று டிரைவரே சொன்னார். பன்னிரண்டு போர்வையைத் தாண்டி அது எப்படி உள்ளே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து வாரம் அந்த நாயை வைத்தே ஓட்டினேன். ஆறாவது வாரம் டீச்சர் அலமாரிக் கதவைத் திறந்து தலையை நீட்டி, "அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டு நாயோட போயே ரெண்டு மாசமாச்சே சார்?" என்றார். கணக்கு டீச்சர் காதில் பூச்சுற்ற முடியாது. ஏதோ தெருநாயாக இருக்கும் என்று சமாளித்தேன். நாயின் பாச்சா இனிப் பலிக்காது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

வாசிக்கும்போது மூன்று பேர் காதிலும், அடுத்தவர் சத்தம் கேட்காதபடி இறுக்கமாக, ஹெட்போன் இருக்கும். தாளம் பிசகாமல் இருக்க அதில் டிக், டிக் என்று ஒரு சத்தம் ஓடும். மூவருக்கும் ஒரே டிக்தான் கேட்கிறது என்று மூவரும் நம்பினார்கள். ஆனால் ஒவ்வொருவர் ஹெட்போனுக்கும் தனித்தனி வயர், தனித்தனித் திருகு குமிழ், எல்லாம் என் கையில். மாப்பிள்ளையின் டிக்கை மட்டும் ஒரு நூலளவு தாமதமாக அனுப்பினேன். அவர் அதைத் துளி பிசகாமல் பிடித்து டிரம்ஸ் வாசித்தார். திரும்பப் போட்டுக் கேட்டால் மற்ற இருவரும் முன்னால் போக, டிரம்ஸ் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தது.

ஏன் மாப்பிள்ளை என்று கேட்பாய். டிரைவராக இருந்தால் சண்டைக்கு வருவார். டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். எது நடந்தாலும் தப்பு தன்னுடையது என்று முதலில் நினைப்பவர் மாப்பிள்ளைதான். அந்தக் குணத்தைப் பார்த்துத்தானே நான் அவரை உனக்குப் பேசி முடித்தேன்.

தாமதத்தை ஒரே நாளில் கூட்டியிருந்தால் மாட்டியிருப்பேன். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு நாள் அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வலது கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார்.

"இது என் கை மாதிரியே இல்ல மச்சான்."

"அவசரமே இல்ல மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

டீ கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அன்று அவர் மேல் எனக்குப் பாசம் பொங்கியது, மறைப்பானேன்.

அவர் கண்ணாடி அறுப்பதை விட்டுவிட்டார் என்பதை நீ சொல்வதற்கு முன்பே அவர் வாயால் கேட்டுவிட்டேன். இருபது வருடம் ஒரே இழுப்பில் கோடு போட்டுக் கண்ணாடியைப் பிளந்தவர், இப்போது கடையில் ஜன்னல் அளவு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார் என்று நீ சொன்னது மட்டும்தான் எனக்குப் புதுச் செய்தி. வருத்தமாகத்தான் இருக்கிறது. அரங்குக்காரரும் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு குழுவைப் பிடித்துக்கொண்டார். ஆனால் யோசித்துப் பார், இந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறாவது யாராவது தனியாக இருந்தோமா?

மூன்றாவது ஞாயிறு எடுத்த, நாய் குரைக்காத பதிவு பத்திரமாக இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. தினமும் போட்டுக் கேட்கிறேன், கடைசியில் நாங்கள் நான்கு பேரும் கைதட்டுகிற இடத்தை மட்டும் இரண்டு தரம்.

ஆக, நான்தான் செய்தேன். மாப்பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நீ போய்ச் சொன்னால் நம்ப மாட்டார், மனைவி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பார். என் குரலில் கேட்டால்தான் அவருக்குக் கை திரும்பி வரும். அதனால்தான் நீ உட்கார்ந்ததுமே நான் பேசுவதைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன். பார், கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. கையோடு கொடுத்தனுப்பலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் நடுவில் ஒரு நாய் குரைத்துவிட்டது. இப்படியே கொடுத்தால் நன்றாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லிவிடுகிறேன்.