அஞ்சாவது நாள் வந்த நாய்

— இந்தச் சேலைய அக்காட்ட குடுத்துருங்க பாய். வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீக.

— ஏம்ப்பா செல்லப்பாண்டி, ஒரு நாயப் பிடிச்சுக் குடுத்ததுக்குச் சேலையா? பாளையம்பட்டியே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். என் தறியில நானே நெய்ஞ்சது.

— இந்தா பாரு, இந்த பஸ் ஸ்டாப்புல நான் கடை போட்டுப் பதினாறு வருசமாச்சு. தவறி வந்த ஆடு, கோழி, கன்னுக்குட்டி எதுன்னாலும் பின்னாடி கட்டிப்போட்டுத் தண்ணி காட்டுவேன். வார பஸ்ஸுல போற பஸ்ஸுல கண்டக்டருகிட்ட சொல்லிவிட்டா ரெண்டு நாளுல உடையவன் வந்து நிப்பான். ஒரு டீயக் குடிச்சுட்டு இழுத்துட்டுப் போவான், அம்புட்டுத்தேன். திருச்சுழியில இருந்து ஒரு அம்மா கிளியத் தேடி வந்துச்சு. அதையும்தான் பிடிச்சுக் குடுத்தேன். எவரும் சேலை கொண்டாரல.

— அவுகளுக்குக் கிளியத்தான குடுத்தீக. எனக்கு எம்பிள்ளையவே குடுத்துருக்கீக.

— என்னப்பா சொல்லுற?

— இனிச் சொல்லுறதுக்கு என்ன, இருபத்திநாலு நாளு ஓடிப்போச்சு. பாய், அந்த நாயி பவுடரு காணாமப்போன அன்னைக்கு, எங்க மக மாரிக்கனியக் கடிச்சுட்டுத்தேன் ஓடுச்சு.

— கடிச்சுச்சா?

— கன்னத்துல. கண்ணுக்குக் கீழ ரெண்டு பல்லு எறங்கிருச்சு.

— தறியில முட்டிக்கிட்டான்னுல சொன்னா உம் பொண்டாட்டி. பிள்ள கட்டுப் போட்டுக்கிட்டு இந்தா இந்த எடத்துல நின்னு அழுதப்ப, என்னாச்சுன்னு நான் கேட்டேனே.

— எம் பொண்டாட்டி சந்தனத்த அப்படிச் சொல்லச் சொன்னதே நாந்தேன். ஆஸ்பத்திரியில டாக்டரு என்ன சொன்னாருங்கிறீக? தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி. ஆனா நாயி கைவசம் இருந்தா கட்டிவச்சுப் பத்து நாளு பாருங்க. பத்து நாளுந் தாண்டி நல்லாருந்துச்சுன்னா வெறி இல்ல, ஊசிய நிறுத்திக்கலாம். நாயி செத்துப்போனாலோ கெடைக்கலைன்னாலோ பதினாலையும் போட்டே ஆகணும்னாரு. நாயோ ஓடிப்போச்சு. பிள்ளையக் கடிச்ச நாயின்னு வெளிய சொன்னா என்ன ஆகும்? தெரு பூராம் கம்பெடுத்துட்டுப் போயி கண்ட எடத்துல அடிச்சுக் கொன்னுருவானுக. செத்த நாய வச்சு என்னத்தப் பாக்குறது? அதான் வாயே தெறக்கல. நாயக் காணாம பிள்ள சோறு திங்க மாட்டேங்குறான்னு சொல்லித்தேன் தேடுனோம்.

— எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்லப்பா.

— பயந்துட்டோம் பாய். சொல்லாமலே நீங்க கண்டுபிடிச்சுட்டீகள்ல. அஞ்சாவது நாளு விடியக்காலையில கயித்துல கட்டி எங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்துனீக. சந்தனம் தெருவுன்னும் பாக்காம உங்க கால்ல விழுந்தாளே, ஒரு நாய்க்குப் போயி விழுகுறாளேன்னு நெனச்சிருப்பீக.

— ஊசி பூராம் போட்டாச்சுல்ல?

— எதுக்கு? அஞ்சோட நிறுத்தியாச்சு. வயிறு கல்லாட்டம் வீங்கிப்போச்சு பாய். நாலு பேரு கையக் கால அமுக்குனாத்தேன் ஒரு ஊசி போட முடியும். அவ கத்துற கத்துக்கு சந்தனம் வெளிய ஓடிப்போயி காதப் பொத்திக்கிட்டு நிப்பா. நாயி வந்துருச்சுன்னு டாக்டருகிட்டப் போயிச் சொன்னேன். அப்ப ஊசிய நிறுத்திவைப்போம், நாயக் கட்டிவச்சு நல்லாப் பாத்துக்கோங்கன்னாரு. பாத்தோம். இன்னைக்கும் கொழுகொழுன்னு எலும்பக் கடிச்சுக்கிட்டுத்தேன் கெடக்கு. வார வெள்ளிக்கெழம இருக்கன்குடியில பிள்ளைக்கு முடி எறக்குறோம். நீங்களும் அக்காவும் வேனுல மொத ஆளா ஏறணும்.

— செல்லப்பாண்டி, நீ இப்பவே பிள்ளையக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. எல்லா ஊசியையும் போட்டுரு.

— ஏன் பாய்? நாயிதான் நல்லாருக்கே.

— எதுக்கும் போட்டுருப்பா. நல்லதுக்குத்தான் சொல்லுறேன்.

— என்ன பாய் இது. இப்பத்தேன் ரெண்டு பேரும் ஒழுங்காத் தூங்குறோம். நீங்க வேற.

— என்னங்க, மறைக்காதீக. சொல்லிருங்க.

— நீ உள்ள போ சபுரா.

— நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.

— என்னக்கா? என்னத்தச் சொல்லணும்?

— நீ உக்காருப்பா மொதல்ல. உன் வீட்டுல நிக்கிறது பவுடரு இல்ல.

— வெளையாடாதீக பாய். அதே வெள்ள, அதே செவலக் காது. நாலு மாசமாச் சோறு போட்டவனுக்குத் தெரியாதா?

— ரெண்டும் எங்க நாயி ஒரே ஈத்துல போட்ட குட்டிக. ஒண்ண உம் மகளுக்குக் குடுத்தேன். இன்னொண்ண எம்.ரெட்டியபட்டிக்கு எம் மச்சான் ரஷீது கொண்டுட்டுப் போனான். பக்கத்துல பக்கத்துல நிறுத்துனா எனக்கே தெரியாது. பவுடரு மூணாவது நாளே ஓடையில செத்துக் கெடந்துச்சு. நாந்தேன் குழி தோண்டிப் பொதச்சேன்.

— செத்துப்போச்சா?

— உம் மக காலையிலயும் சாயங்காலமும் வந்து, தாத்தா கெடச்சுருச்சா, தாத்தா கெடச்சுருச்சான்னு நிக்கிறா. பதினாறு வருசத்துல யாரையும் நான் வெறுங்கையோட அனுப்புனதில்ல. அந்தப் பிள்ளைகிட்ட செத்துப்போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பஸ் ஏறிப் போயி, ரஷீதுகிட்டக் கெஞ்சி, அதச் சாக்குப் பையில வச்சுக் கொண்டாந்தேன். ஒரு பிள்ள அழுகைய நிறுத்துறோம்னுதேன் நெனச்சேன். அல்லா மேல ஆணையா இந்தக் கடி விவரம் எனக்குத் தெரியாது.

— பிள்ள சொன்னா பாய். வந்த அன்னைக்கே சொன்னா. இது பவுடரு இல்லப்பா, பேரச் சொன்னா திரும்பிப் பாக்க மாட்டேங்குதுன்னு. ஊரச் சுத்துன நாயி, மறந்துருக்கும்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னா. வந்த நிம்மதியக் கெடுக்குறாளேன்னு வாயில அடிச்சேன். உதடு கிழிஞ்சுபோச்சு.

— தப்பு எம்மேலதேன். என்னைய என்ன வேணாப் பண்ணு. மொதல்ல பிள்ளையக் கூட்டிட்டுப் போ.

— இருங்க, இருங்க. ஓடையில எப்படிக் கெடந்துச்சு?

— வாயெல்லாம் நொரை. அந்த வாரம் கோழி பிடிக்கிற நாய்களுக்கு எவனோ கறியில மருந்து வச்சிருந்தான். அங்கன இதோட சேத்து மூணு நாயி கெடந்துச்சு. இதுவும் அப்படித்தேன்னு பொதச்சுட்டேன்.

— அப்ப மருந்துதேன். மருந்து தின்னா நொரை தள்ளத்தான் செய்யும். வெறி இல்ல, மருந்து. என்ன பாய்?

— எனக்குத் தெரியலப்பா.

— கையால தூக்கிப் பொதச்ச உங்களுக்குத் தெரியாதா? மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்க பாய். மறுபடி அவ வயித்துல ஊசின்னு போயி நான் எப்படிச் சொல்லுவேன்? இப்பத்தேன் எங்கூடச் சிரிச்சுப் பேசுறா.

— மருந்தா இருக்கலாம். மத்த ரெண்டும் மருந்துதான.

— பாத்தீகளா, நீங்களே சொல்லிட்டீக. பிள்ள நல்லாத்தேன் இருக்கா. பள்ளிக்கூடம் போயிருக்கா. காலையில ரெண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்னா. ஒண்ணும் இல்ல. நாம வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போவோம். நான் வாரேன் பாய்.

— தம்பி, நில்லுங்க. அது மருந்து இல்ல.

— உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— அது சாகுறதுக்கு முந்துன நாளு, இவுக கடைச் சாமான் வாங்க டவுனுக்குப் போனப்ப, இங்க வந்துச்சு. தள்ளாடிக்கிட்டு வந்துச்சு. மாரிக்கனி நாயாச்சேன்னு கயித்த எடுத்துட்டுப் பிடிச்சுக் கட்டப் போனேன். என் வெரலக் கவ்விட்டு ஓடிருச்சு.

— சபுரா, நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

— கைக்கு வந்தத விட்டுட்டியேன்னு ஏசுவீகன்னு சொல்லல. குட்டி நாயிதானன்னு மஞ்சள அப்பிட்டு விட்டுட்டேன். தம்பி, நீங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க, பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முந்தாநாளுல இருந்து எனக்குத் தண்ணி எறங்க மாட்டேங்குது, சொம்பப் பாத்தாலே தொண்டையப் பிடிச்சு இழுக்குது.