வெள்ளைக் கோடு போட்ட சக்கரம்

எனக்கு அழுக்குத் துணி மட்டும் ஆகாது. மற்றபடி யாரோடும் அனுசரித்துப் போகிறவன் நான். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து, பொட்டலம் கட்டித் தருவது என் வேலை. பொட்டலத்தில் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் உள்ளே சுத்தம் என்று அர்த்தம். டாக்டர் சோதித்துப் பார்க்கமாட்டார், கோட்டை நம்பிக் கத்தியை எடுப்பார்.

அந்த வழக்கத்தை எங்கள் கார் அணிக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். நட்டை முடுக்கியவர் அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு இருந்தால் வேறு யாரும் அதில் ஸ்பேனர் வைக்கக்கூடாது. ஆளாளுக்கு முடுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டிருந்த தொல்லை அதோடு ஒழிந்தது.

அணி என்றால் நான், என் தங்கை, அவள் புருஷன், நேரம் குறிக்க ஒரு கணக்கு வாத்தியார். பந்தயமும் எங்களைப் போன்றவர்களுக்கானதுதான். காயலான் கடைக்குப் போக வேண்டிய காரைச் சல்லிசாக வாங்கி, பகல் முழுக்க முறைபோட்டு ஓட்ட வேண்டும். சாயங்காலம் வரை வண்டிக்கு உயிர் இருந்தால் அதுவே வெற்றி.

மாப்பிள்ளையைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். வாயைத் திறந்துதான் மெல்லுவார். பேசும்போது எச்சில் தெறிக்கும், பேசாமலும் இருக்கமாட்டார். தங்கை தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிடுவாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது.

பந்தயத்தன்று முதல் முறை அவருடையது. சூடு காட்டும் முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்தும் ஓட்டினார். ரேடியேட்டர் குழாய் வெடித்தது.

"வண்டியே சரியில்ல மச்சான்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குழாயை நான் மாற்றினேன், மணிக்கட்டு வெந்தது. அடுத்த முறை கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டி அதைக் கருக்கினார். கிளட்ச் கம்பியை ஒருவாறு சரிசெய்து தங்கையை அனுப்பினேன். அவள் முறை முடிந்து உள்ளே வரும்போது முன்சக்கரத்தில் பேரிங் ஊளையிட்டது. சக்கரத்தைக் கழற்றி, தரையில் படுத்துப் பேரிங்கை மாற்றினேன்.

மாப்பிள்ளை என் தலைமாட்டில் குந்தி முட்டை வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். மஞ்சள் கரு என் சட்டையில் சொட்டியது. பிறகு என் கருவிப் பெட்டியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். நான் வீட்டில் வெந்நீரில் அலசிக் கொண்டுவந்த துணி. அதில் கையைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், திரும்ப மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். மடித்து வைத்ததுதான் எனக்குக் குமட்டியது.

அதன் பிறகே சக்கரத்தை மாட்டினேன். நட்டுகளை விரலால் திருகி, விரலோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொன்றின்மேலும் கோடு இழுத்தேன். அடுத்த முறை மாப்பிள்ளையுடையது.

ஹெல்மெட்டை மாட்டியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "என்னால முடியல, நீயே இன்னொரு வாட்டி போயிடும்மா" என்று அதைக் கழற்றித் தங்கை கையில் திணித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். வாத்தியார் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"அண்ணா, முன்சக்கரத்துக்குக் கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

அதற்கு மேலும் சொல்ல வாயைத் திறந்தேன் என்பது உண்மை. அவள் அப்பா அம்மா இல்லாமல் நான் வளர்த்த பெண். கை கழுவாமல் தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டாள். எங்கள் அணிக்கே அந்த ஒரே ஹெல்மெட்தான். அதை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அவள் போட்டுக்கொண்டதே இல்லை. அன்று துடைக்கவில்லை. உள்பஞ்சு அவர் வியர்வையில் ஊறியிருந்தது, தாடைப்பட்டையில் முட்டை ஒட்டியிருந்தது. அப்படியே தலையில் கவிழ்த்து, அந்தப் பட்டையைத் தன் தாடைக்கடியில் இறுக்கிக்கொண்டாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் சுற்றில் எங்களைத் தாண்டும்போது கையசைத்தாள். வண்டியை உள்ளே கூப்பிடும் பலகை வாத்தியாரின் காலடியில் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிக் காட்டியிருப்பார். "இப்பதான் வண்டி வழிக்கு வந்திருக்கு" என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். அடுத்த சுற்றில், கடைசி வளைவில், சக்கரம் தனியாக உருண்டு புல்லுக்குள் போனது. கார் சுவரில் மோதியது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அவளுக்கு மூச்சு இல்லை.

புல்லில் கிடந்த நட்டுகளில் மரை தேயவில்லை என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். தேயாது, அவை முடுக்கப்படவே இல்லை. மாப்பிள்ளைக்காகச் செய்தேன், அவள் ஏறியபோதும் தெரிந்தேதான் விட்டேன். ஆனால் என் தங்கையை நான் கொன்றேன் என்று எழுதாதீர்கள். கோடு போட்டாச்சா என்று கேட்டாளே, அந்தப் பெண் என் தங்கை. பட்டையை இறுக்கிக்கொண்டு ஏறியவள் யாரென்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை கழிப்பறையிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். "நான் போக வேண்டியது மச்சான், நான் போக வேண்டியது" என்றார். அவர் மூக்கு என் கழுத்தில் ஒழுகியது. அப்போதும் நான் அவரைத் தள்ளிவிடவில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாராவது சொன்னால், இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.