வார்னிஷ் காயும் வரை

2003 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, தெஹியோவிட்டவில் நல்ல காற்று. றப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றதால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் மழையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

தூண்டில் முள்ளில் இறகு கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். ட்ரவுட் என்ற மீன் பிடிப்பதற்கு. வேலை செய்யும் பெண்கள் எல்லாவற்றையும் பூச்சி என்பார்கள். நான் சொல்லும் உருப்படி பூச்சியல்ல. தண்ணீரில் இழுத்தால் குஞ்சுமீன் நீந்துவது போலிருக்கும். கறுப்பு உடல், அதில் சுற்றிய வெள்ளி இழை, மஞ்சள் வால், முதுகில் நான்கு வெள்ளைச் சேவல் இறகுகள். பழைய மாதிரி, யாரும் மாற்றத் துணியாதது. கடைசியாகத் தலையில் கறுப்பு வார்னிஷ். அது காய்வதற்குள் ஓர் இறகுப் பிசிறு ஒட்டினாலும் கழிவு. அதனால் வார்னிஷ் பூசும்போது ஜன்னல்களைச் சாத்திவிடுவோம்.

நான்தான் மேற்பார்வை. இதை ஹபீலாவுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று மற்றவர்களைக் கேளுங்கள். அவளுக்கு மூச்சிழுப்பு. நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜன்னலைத் திறந்துவிடுவாள். கேட்டால் சிரிப்பு.

"எங்கட வாப்பா மண்புழுவுலதானே சேர் மீன் பிடிக்கிற. வெள்ளக்காரன்ட மீனுக்கு மட்டும் மாப்பிள்ள மாதிரி சோடிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜனவரியில் போன பெட்டி முழுவதும் பிசிறோடு திரும்பி வந்தது. இன்னொரு தடவை வந்தால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று என்னிடம் சொன்னார் முதலாளி. அப்போது யாரும் சிரிக்கவில்லை. என்னைத் தவிர யாருக்கும் அது உறைக்கவும் இல்லை.

அன்று மதியம் மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, வார்னிஷ் வேலையை ஹபீலாவிடம் கொடுத்தேன். தண்டனையாக அல்ல, கற்றுக்கொள்ளட்டும் என்று. ஜன்னல்களுக்குக் காலையிலேயே ஆணி அடித்திருந்தேன். கதவை வெளியே பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள்.

"சேர், மூச்செடுக்க ஏலா. தொறங்க சேர்."

"பூசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டன்."

"அப்ப காயட்டும்."

விஜயகலா சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். மற்றக் கையில் ஹபீலாவின் மருந்துப் பம்ப். இறகு அறைக்குள் பை கொண்டுபோகக் கூடாது என்பது என் சட்டம்; பம்ப் பையில் இருந்திருக்கிறது.

"கன்னையா சேர், அவ நடிக்கலைங்க. இத மட்டுமாவது குடுத்துருவோங்க."

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தால் காற்றுப் புகும். காய்ந்த பிறகு கொடுப்பதாகத்தான் இருந்தேன். விஜயகலா கதவை உலுக்கினாள். அந்த ஆட்டத்திலேயே பிசிறு கிளம்பும் என்று அவளை முற்றத்துக்கு அனுப்பினேன்.

பிறகு தட்டும் சத்தம் நின்றது. கடைசியில் ஒரு தடவையாவது சொன்னதைக் கேட்டாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

திறந்து பார்த்தபோது வார்னிஷ் விரலில் ஒட்டவில்லை. எந்தத் தலையிலும் பிசிறு இல்லை. அவள் நன்றாகத்தான் பூசியிருந்தாள். முதலில் தட்டுகளை வெளியே எடுத்து மூடி வைத்தேன். பிறகு விஜயகலாவைக் கூப்பிட்டேன். இருவருமாக ஹபீலாவைத் தூக்கி வேனில் ஏற்றினோம்.

அவிசாவளைக்குப் போகும் வழியில் அவள் இறந்தாள்.