கொக்கின் தொண்டை

உங்கள் ஸ்டேஷனில் தேநீர் நன்றாக இருக்கிறது, அய்யா. இந்தக் குழல்விளக்குதான் சரியில்லை. இதன் கீழே உட்கார்ந்தால் யார் முகமும் குற்றவாளி முகமாகத்தான் தெரியும். தொழில் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்கிறவன் நான். அந்த முப்பத்தாறு மாடிக் குடியிருப்பின் முன்பக்கம் முழுக்க, தரையிலிருந்து எழும்பிப் பறக்கும் ஒரு வெள்ளைப் பறவையை விளக்குகளாலேயே வரைந்தேன். இரண்டு வருட உழைப்பு. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி இருபது நிமிடம் ஓடும். அங்கே குடியிருப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் கொக்கு. பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற கூட்டம், வேறு என்ன பெயர் வைக்கும்?

ஒரு குறை இருந்தது. கட்டடத்தின் நடுவே, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் படிக்கட்டு. அதன் விளக்குகள் எந்நேரமும் எரியும். பறவையின் கழுத்துக்குள் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. முதல் நாளே வாசல் காவலாளி எல்லார் முன்னாலும் கேட்டான்.

"என்ன சார், கொக்குத் தொண்டையில குழாய் சொருகியிருக்கு? ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

மறுநாளே படிக்கட்டு விளக்குகளின் இணைப்பை என் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றினேன். காட்சி ஓடும்போது மட்டும் அவை அணைந்திருக்கும். கரண்ட் போனால் எரிகிற பேட்டரி விளக்குகளையும் விடவில்லை, அவையும் வெள்ளைதானே. லிஃப்ட் இருக்கும்போது எவன் படியில் இறங்குகிறான்? மூன்று படி ஏறினால் மூச்சு வாங்குகிற உடம்புகள்.

இருபத்திரண்டாம் மாடி டீச்சரம்மா மட்டும் என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முழங்கால் வலியோடு எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவர்.

"தம்பி, நெருப்பு கிருப்புன்னா லிஃப்ட் நின்னுடும். இருட்டுல எப்படிப்பா இறங்குறது?"

"இருபது நிமிஷம்தாம்மா. அதுக்குள்ள நெருப்பு வந்துடுமா?"

"அது உங்ககிட்ட டைம் கேட்டுட்டா வரும்?"

கணக்கு டீச்சருக்குக் கலையை விளக்கிப் பிரயோசனமில்லை என்று லிஃப்டை வரவழைத்து அவரை அனுப்பிவைத்தேன்.

சம்பவத்தன்று, விளக்கு அலங்காரத்துக்கான பரிசுக்கு என் பறவையைப் பார்வையிட வந்த குழுவினர் மூன்று பேர் எதிர் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி என் மடியில். பறவை எட்டாம் மாடியைத் தாண்டும்போது கட்டடத்துக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. சாலை இரைச்சலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. யாராவது அடுப்பில் எதையாவது தீய்த்தாலே அடிக்கிற மணி அது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன்.

காவலாளி போன் செய்தான்.

"சார், லிஃப்ட் நின்னுடுச்சு. ஜனங்க படியில இறங்குறாங்க, ஒண்ணுமே தெரியல. லைட்டைப் போடுங்க சார்!"

"பதினோரு நிமிஷம் பொறுங்க," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பிறகு நான்கு முறை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை.

டீச்சரம்மாதான் முதலில் தடுக்கி விழுந்தாராம். பின்னால் வந்தவர்கள் அவர்மேல். மொத்தம் ஆறு உயிர். கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கியிருக்கலாம். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் எப்போதும் அவசரம்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அய்யா. புகையை நான் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மூன்று கைபேசி வெளிச்சங்கள் தடுமாறி இறங்கியதையும் பார்த்தேன், அவை என் கண்ணை உறுத்தின. படிக்கட்டு விளக்குக்கான பொத்தான் என் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் பதினான்காம் மாடியிலிருந்து வந்த புகை விளக்குகளின் மேல் படர்ந்ததும், இரண்டு வருடமாக வராத அசைவு அந்தச் சிறகுக்கு வந்தது. குழுவிலிருந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். புகையும் உங்கள் ஏற்பாடா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த நொடியில் எடுத்த படம் என் கைபேசியில் இருக்கிறது. கேசுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே அந்தக் காவலாளியிடமும் ஒருமுறை காட்டுங்கள். தொண்டையில் இப்போது குழாய் இருக்கிறதா என்று அவனே பார்த்துச் சொல்லட்டும்.