ரெண்டு கையாலயும் வாங்கினது

மன்னிப்புக் கேக்கிறதெண்டால் வாசலில நிண்டு கேக்காதேங்கோ அண்ணை, குளிர் உள்ளுக்கு வருது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இது குசினிப் பக்கம், ஒருத்தரும் வரமாட்டினம். அம்மா மேல்மாடியில வீட்டுக்காரக் கிழவிக்குச் சாப்பாடு தீத்துறா. அந்தக் கதிரை ஆடும், மற்றதில இருங்கோ.

ஓம், உங்கட படம் வந்த பேப்பர் பாத்தனான். முதல் பக்கம். நல்ல தெளிவு. கார் யன்னலுக்கு வெளியில ஒரு வெள்ளைக் கையுறை, பக்கத்தில ஒரு கறுத்தக் கை, மணிக்கட்டில கோயிலில கட்டின சிவப்பு நூல். அது என்ர கைதான். ரெண்டும் என்ர கைதான்.

ஆர் சொன்னது எனக்கு வேலை போட்டுதெண்டு? சுவிசில, இந்தச் சூக் ரவுணில எங்கட சனத்துக்கு வேற கதை இல்லையோ? சரி, போனதுதான், பாதி. கை வேலை போட்டுது. தூசு தட்டுற வேலை கிடக்கு.

என்ன கை வேலையோ? முதலில இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். மேல இருக்கிறவ ஒரு ராசாவின்ர தமக்கை. நாட்டின்ர பேர் பேப்பரில கிடக்கு, எனக்கு வாய்க்குள்ள வராது. இளம் வயசிலயே குடும்பத்தோட நாட்டை விட்டுக் கலைச்சுப் போட்டினமாம். அப்ப அவவும் அகதிதான், பெர்மிட்டுக்கு வரிசையில நிக்காத அகதி. தம்பி செத்துப்போனார். இப்ப அங்க கம்யூனிஸ்ட் ஆக்களும் ஆட்சியை விட்டுப் போயிட்டினம். அதால தம்பியின்ர மகனுக்கு, அதான் இவவின்ர மருமகனுக்கு, திரும்பிப் போய் முடி வைக்க ஆசை. ஆனால் அந்தச் சனத்துக்கு அவரைத் தெரியாது, இவவைத்தான் தெரியும். இஞ்ச இருக்கிற அவையின்ர சனம் வருசா வருசம் கொடியோட ஏரிக்கரைக்கு வரும். இவ காருக்குள்ள இருந்து கை காட்டுவா. அதுதான் அவவின்ர உத்தியோகம். சிரிக்காதேங்கோ, எங்கட விழாக்களில மேடையில இருக்கிற ஆக்கள் அதையும் செய்யிறேல்ல.

போன மாரியில பாரிசவாதம் வந்திட்டுது. வலக்கை விழுந்துபோச்சு, பேச்சும் அரைவாசி. இடக்கையால காட்டலாம்தான். ஆனால் அவையளுக்கும் இடக்கை கூடாதாம். அப்ப மருமகன் என்னைப் பாத்தார். பள்ளிக்கூடம் முடிச்சு, தொழில் பழக ஒரு இடமும் கிடைக்காமல், அம்மாவோட வந்து இஞ்ச கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டனான். கை மெலிவா இருக்கு, முழங்கை வரைக்கும் கையுறை போட்டால் நிறம் தெரியாது எண்டார். காரில அவவின்ர காலடியில குந்தி இருக்கவேணும், மேல சால்வை, வலக்கை மட்டும் வெளியில. காட்டுறதுக்கும் பழக்கினவர். பல்ப் பூட்டுற மாதிரி மெதுவா திருப்பவேணுமாம். நான் பழகின ஒரே தொழில் அதுதான்.

இடக்கைக்கு ஏன் கையுறை போடேல்லையோ? அது வெளியில வாறேல்லையே அண்ணை. நீங்கள் கல்யாண வீட்டில மாப்பிளையின்ர சப்பாத்தைப் படம் எடுக்கிறியளோ? எடுக்கிறியளோ! உங்களை நம்பேலாது. சஞ்சீவ் அண்ணையின்ர கலியாணத்தில நான் வடை வாயோட இருக்கிற படத்தை நீங்கள்தான் எடுத்தனீங்கள். அல்பத்தில அது பெரிசாக் கிடக்கு. ஆரைக் கண்டாலும் கமராவை அமத்துறது. அந்தக் குணம் எனக்கு நல்லா ஞாபகம்.

சரி, விசயத்துக்கு வாறன். வாற மாசம் இவவை அந்த நாட்டுக்குக் கொண்டுபோய், ஊர் ஊராக் காட்டுறதெண்டு மருமகன் முடிவெடுத்திட்டார். பிளேனில ஏத்தினால் உயிரோட திரும்பமாட்டா எண்டு டொக்டர் அவருக்கு முன்னாலயே சொன்னவர். நான் கோப்பி வைச்சுக்கொண்டு நிண்டனான். மருமகன் கோப்பியைக் குடிச்சார். பிறகு பேப்பர்க்காரருக்கு அத்தை நல்ல சுகம் எண்டு சொன்னார். அவைக்கு வீட்டுப் படம் எடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார். மருமகன் தலையாட்டாமல் ஒரு படமும் வெளியில போகாது.

இவவுக்குப் போக விருப்பமில்லை. என்னோட டொச்சில, அதான் ஜேர்மன் பாசையில கதைப்பா, கொன்னிக் கொன்னி. எனக்குத்தான் விளங்கும். மாட்டன் எண்டு சொல்லுங்கோவன், வாய் இருக்குத்தானே எண்டு கேட்டன். அம்மா என்ர காலை மிதிச்சா. தங்கட ராசகுடும்பத்தில ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை எண்டா. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் எண்டன். அவ சிரிச்சா. ஒரு பக்கத்தால.

பிறகு அண்டைக்கு ஏரிக்கரையில நடந்ததைத்தான் நீங்களே பாத்தனீங்கள். ஒரு சின்னப்பிள்ளை பூவோட ஓடி வந்துது. வழமையா சாரதி நிப்பாட்டமாட்டார். இவ பொல்லால சீற்றில தட்டினா, நிண்டிட்டார். பிள்ளை பூவை நீட்டிச்சு. நான் ரெண்டு கையாலயும் வாங்கினன்.

பின்ன என்ன, மருமகன் வந்து கத்தினார். அவர் எப்பிடி மாத்திக் கேட்டாலும் அம்மா அழுதழுது ஒண்டைத்தான் சொன்னா: பழக்கம் ஐயா, பெரியாக்களிட்டயோ கோயிலிலயோ பூ வாங்கினால் ரெண்டு கையாலயும்தான் வாங்கவேணும், ஒரு கையை நீட்டினால் நான்தான் விரல் மொளியில அடிச்சு வளத்தனான். உண்மைதான், அடிச்சவதான்.

உங்கட படம் வந்த பிறகு அத்தை சுகம் எண்டு இனி எப்பிடிச் சொல்லுறது? இண்டைக்குக் காலமை ரேடியோவில சொல்லிப்போட்டினம், உடல்நிலை காரணமாப் பொதுக் கடமைகளில இருந்து விலகுறாவாம். மருமகன் தனிய வெளிக்கிடுறார். வீடு இவவின்ர பேரில, அம்மாவை வேலையால நிப்பாட்ட அவருக்கு உரிமை இல்லை. அதால நீங்கள் அழுதுவடியாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.

என்ன, அண்டைக்குப் படம் எடுக்க உங்களைக் கூப்பிட்ட அந்தச் சாமத்தியவீட்டுக்காரரோ? வரவே இல்லையோ? பாவம், பெரியபிள்ளையான அவையின்ர பிள்ளையை ஏரிக்கரையில வைச்சுப் படம் எடுக்கவெண்டு கமராவோட குளிருக்குள்ள வந்து நிண்டனீங்கள், என்ன. சுசீலாதேவி எண்டு ஒரு அக்கா போன் பண்ணினவ, கொடி பிடிச்ச சனத்துக்குப் பக்கத்தில நில்லுங்கோ, முன்னுக்கு நில்லுங்கோ எண்டவ.

அவவைத் தேடாதேங்கோ அண்ணை. குரல் என்ர. நம்பரை அமத்தினது மேல இருக்கிறவ. இடக்கையால.